படையலுக்கு வந்த வல்லூறு

தாத்தா இறந்தபோது அப்பாவால் ஊருக்குப் போக முடியவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் முன் அனுமதி பெறாமல் அமெரிக்காவைவிட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். அனுமதி முறைப்படி வந்தது, கருமாதியும் முடிந்த பிறகு. ஆகவே முதல் வருடத் திதியையாவது குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று, சன்னிவேல் வீட்டில் அப்பா உறுதியாக இருந்தார்.

நடைமுறைகளுக்குப் பொறுப்பு, மில்பிடாஸிலிருந்து வந்த மாமா. அம்மாவின் தம்பி. ஊரில் ஒரு திதிக்கும் உட்கார்ந்தவரில்லை. ஆனாலும் எல்லா விதிகளும் தெரிந்தவர். படையலில் கறி கூடாது என்றார். வாழை இலை ஃப்ரோஸனாக இருந்தாலும் செல்லும் என்றார். காக்கை எடுக்கும்வரை யாரும் சாப்பிடக் கூடாது என்றார். மூன்றும் உடனே அமலுக்கு வந்தன.

பேக்யார்டு மேசையில் இலையை வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் காத்திருந்தோம். காக்கை வரவில்லை. சிட்டுக்குருவிகள் வந்தன.

"குருவி தின்னா கணக்குல சேராதுங்க மச்சான். காக்காதான் வேணும்" என்றார் மாமா.

"காக்காய்க்கு ரூல்ஸ ஃபேக்ஸ் பண்ணிட்டியா மாப்ள?" என்றார் அப்பா, சிரிக்காமல்.

"ஏனுங்க, பாப்பா பசியில வாடுதுங்க" என்றாள் அம்மா, என்னைக் காட்டி. அப்பா வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பார்த்தது பக்கத்து வீட்டு ரெட்வுட் மரத்தை. குளிர் தொடங்கியதிலிருந்து அதில் ஒரு குட்டி வல்லூறு குடியிருந்தது. நூலகப் புத்தகம் ஒன்றை வைத்து அதன் சரித்திரம் முழுவதும் படித்திருந்தேன். கழுகைப்போல உயரே வட்டமிடாது. அடர்ந்த மரத்துக்குள் ஒளிந்திருந்து, வேலியோடு தாழப் பறந்து வந்து பாயும். குட்டைச் சிறகும் நீண்ட வாலும் கிளைகளுக்கிடையே சட்டென்று திரும்புவதற்காக. பிடித்த பறவையின் இறகைப் பிடுங்கிய பிறகே உண்ணும். நடைமுறை தவறாத பிராணி.

திடீரென்று குருவிகள் சிதறின. சாம்பல் நிறத்தில் ஏதோ வேலியைத் தாண்டியது. மறுகணம், சாதத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வல்லூறு ஒரு குருவியை மிதித்துக்கொண்டு இறகு பிடுங்கியது. இறகுகள் பாயசத்தில் விழுந்தன.

"டாடி, இட்ஸ் த ஹாக்!" என்று கத்தினேன்.

"அய்யய்யோ, திதியன்னைக்குக் கறி!" என்றாள் அம்மா. மாமா விளக்குமாற்றைத் தூக்கினார். அப்பா அவர் கையைப் பிடித்தார்.

"உடு மாப்ள. எங்கப்பனுக்குக் காடை வறுவல் இல்லாம சோறு எறங்காது. நீ கறி கூடாதுன்னுட்ட. அவரே கொண்டுக்கிட்டு வந்துட்டாரு."

சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மா ஒருமுறை திட்டிப் பார்த்துவிட்டுத் தானும் சேர்ந்துகொண்டாள்.

வல்லூற்றைக் கண்டால் காக்கைகளுக்கு ஆகாது. எங்கிருந்தோ ஒரு கூட்டமே கரைந்துகொண்டு வந்து அதை விரட்டியது. அது குருவியோடு ரெட்வுட்டுக்குள் மறைந்தது. வந்த வேலை முடிந்த காக்கைகள் அப்போதுதான் இலையைக் கவனித்தன. வடையில் ஆரம்பித்தன.

"எடுத்துருச்சு மச்சான், எடுத்துருச்சு!" என்று மாமா குதித்தார். வீட்டுக்குள் இருந்த பாயசத்தில் நான் மூன்று டம்ளர் குடித்தேன்.

அதன்பின் தினமும் ஆபீஸ் கிளம்புமுன் அப்பா காபியோடு நின்று அந்த மரத்தைப் பார்ப்பார். பறவைகளில் ஆர்வம் வந்துவிட்டதென்று நம்பி, நான் பாடம் நடத்தினேன்: இந்த இனத்தில் பெண்தான் பெரியது, ஆண் சின்னது, சின்னப் பறவைகளைத்தான் பிடிக்கும். பொறுமையாகக் கேட்டவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"அப்ப இது ஆம்பளதானே, பாப்பா?"

"ஷ்யூர் டாடி. மேல்தான்."

முகமெல்லாம் மலர்ந்து காரை எடுத்தார். ஒரு பறவை ஆணாக இருப்பதில் இவருக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று யோசித்துக்கொண்டே நான் ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடினேன்.