முன் பெஞ்சுக்காரர்

2004-ல் சிவகாசியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்தேன். முன் பெஞ்சில் உட்காரும் பட்டாசுக் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். 'வாக்டு', 'வான்டட்' என்று இறந்தகால வினைகளின் கடைசி ஒலியை நான் சொல்லிக்காட்டும்போது கண் இமைக்கவே மாட்டார். இந்த ஆள் படிக்கத்தான் வருகிறாரா? இருபத்திரண்டு வயதுப் பெண்ணான எனக்குச் சந்தேகம். ஒருநாள் பொறுக்க முடியாமல், எல்லோர் முன்னிலையிலும், "கடைசி பெஞ்சுக்குப் போங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் எழுந்து நின்றார். "அங்கன போனா உங்க வாய் தெரியாதே டீச்சர். வெடி விபத்துல காது மந்தமாயிருச்சு. கடைசிச் சத்தம் காதுல விளாது. வாயைப் பாத்துத்தான் பிடிக்கேன்."

சொல்லிவிட்டு, பதிலுக்காக என் உதட்டையே பார்த்தார்.

இன்றும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு நான் பேசுவதில்லை.