முள்கரண்டியில் நிற்கும் தண்ணீர்

அந்தப் படத்தைப் பார்த்தால் எவருக்கும் கண் கலங்கும். பவுடர் அக்கா மட்டும் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

மருத்துவக் கல்லூரியின் பேச்சு, மொழிச் சிகிச்சைத் துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் செய்தி மடல் அது. வழவழத்த தாள், முதல் பக்கம் முழுக்க ஒரே படம். சக்கர நாற்காலியில் ஒரு பழைய பஸ் டிரைவர், கையில் கண்ணாடித் தம்ளர். பக்கத்தில் குனிந்து, தம்ளருக்கு அடியில் இரண்டு விரலை முட்டுக்கொடுத்தபடி, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டும் கல்லூரிச் சேர்மன். மேலே கொட்டை எழுத்தில் 'எட்டு மாதங்களுக்குப் பின் ஒரு தம்ளர் தண்ணீர்'. கீழே, புதிய எக்ஸ்ரே கருவியின் உதவியோடு துறை அளித்த சிகிச்சையால் இவர் இனி எல்லாரையும்போலத் தண்ணீர் குடிக்கலாம் என்று நாலு வரி.

தூ என்று துப்பலாம்போல இருந்தது அவளுக்கு. அந்தத் தம்ளரில் இருந்தது வெறும் தண்ணீர் இல்லை. அதைக் கலந்து கொடுத்தவளே அவள்தான்.

பேச்சுச் சிகிச்சை என்றதும் திக்குவாய்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். விழுங்கச் சொல்லிக்கொடுப்பதும் அந்தத் துறையின் வேலைதான்; பேசுகிற நாக்கும் தொண்டையும்தானே விழுங்கவும் செய்கின்றன. பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குக் குடிக்கிற தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நமக்கு என்றால் புரையேறும், இருமித் தள்ளிவிடுவோம். அவர்களில் சிலருக்கு இருமலே வராது. சத்தம் போடாமல் நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் தண்ணீரில் ஒரு பவுடரைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுப்பார்கள். மெதுவாக இறங்கும், தொண்டை சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.

பதினொரு வருடமாக அதைக் கலக்குகிறவள் என்பதால் பவுடர் அக்கா. மாணவிகள் வைத்த பெயர். ஆயுளில் ஒருநாள் முகத்துக்குப் பவுடர் போட்டவள் இல்லை, பேரைப் பார் என்று ஆரம்பத்தில் சிடுசிடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். நடைக்கூடத்துக் கடைசியில் சன்னல் இல்லாத ஓர் அறை அவளுடையது. ஒரு மேசை, ஒரு குழாய், மூன்று டப்பா, ஒரு முள்கரண்டி. கலந்ததை முள்கரண்டியால் அள்ளித் தூக்கிப் பார்ப்பாள். பல்லிடுக்கில் ஒழுகினால் ஆகாது. கரண்டியின் மேல் மேடாக நிற்க வேண்டும். நின்றால் ஒரு வாய் தானே குடிப்பாள். அது ஒன்றும் சாதாரண காரியம் இல்லை. அடுத்தவன் சளியை விழுங்குகிற மாதிரி வழுவழுவென்று இறங்கும். ஆனால் முகத்தைச் சுளிக்கிற நோயாளியிடம், "நான் குடிக்கலையா? கண்ண மூடிட்டு முழுங்குங்க" என்று அதட்ட அந்த ஒரு வாய் தேவைப்பட்டது.

முன்பு ஒரு தையல்காரம்மா வார்டில் இருந்தார். பார்க்க வந்த தங்கை பாவப்பட்டுப் பச்சைத்தண்ணீர் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா ஒரு இருமல் இருமவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல், ஒன்பதாம் நாள் கட்டில் காலி. விரிப்பை உருவி மடித்தது பவுடர் அக்காதான். அதற்கப்புறம் தண்ணீர் விஷயத்தில் அவளிடம் யாரும் விளையாட முடியாது.

டிரைவருக்கும் அதே கோளாறுதான். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய மனிதர். பேச்சு உடைந்து உடைந்து வரும், ஆனால் குசும்பு போகவில்லை. கெட்டித் தண்ணீரை எத்தனை தம்ளர் குடித்தாலும் தாகம் நாக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அவருடைய ஒரே குறை. "வண்டி... சூடாயிடுச்சு. ரேடியேட்டர்ல... பசைய ஊத்தினா... ஓடுமா?" என்பார்.

"பேசாம குடிங்க. ரேடியேட்டர் என்ன உங்கள மாதிரி வாயடிக்குமா?" என்பாள் அவர் மனைவி. டிரைவர் வீட்டம்மா என்றுதான் துறையில் எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள். இரண்டு பஸ் மாறி, சக்கர நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு, வாரம் தவறாமல் வியாழக்கிழமை வந்து நிற்பாள்.

இந்த லட்சணத்தில்தான், விழுங்குவதைப் படம் பிடிக்கும் அந்த எக்ஸ்ரே கருவிக்குத் திறப்பு விழா வந்தது. துறைத் தலைவி காலையிலேயே பவுடர் அக்காவின் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன அக்கா, கலங்கலா, பசை மாதிரி இருக்கு? ஃபோட்டோல அசிங்கமா தெரியும். பச்சத்தண்ணியே வைங்க."

"அவருக்கு ஆகாது மேடம்."

"ஒரு வாய்தான். நாங்கெல்லாம் பக்கத்துலதான இருக்கப்போறோம்."

பக்கத்தில் நின்றால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகாதா? டிரைவருக்குப் பரிசோதனை செய்த இளைய விரிவுரையாளர், சின்ன மேடம், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். 'உள்ளே போகிறது, இருமல் இல்லை' என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியவளே அவள்தான்.

"நீங்க சொல்லுங்க மேடம். நீங்க எழுதினதுதான?"

சின்ன மேடம் மென்று விழுங்கினாள். "மேடம் பாத்துப்பாங்க அக்கா."

படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தானா என்று பவுடர் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரியைத் திறந்தாள். மாதிரிக்கு வந்த புது டப்பா ஒன்று உள்ளே இருந்தது. அந்தப் பவுடர் கலங்காது. கலந்தாலும் கண்ணாடி மாதிரி தெளிவாகவே இருக்கும். தம்ளரில் தண்ணீர் பிடித்து, கலந்து, முள்கரண்டியில் நிறுத்திப் பார்த்து, ஒரு வாய் குடித்தும் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தாள். எமகாதகி என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

சேர்மன் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். அதுவரை டிரைவரை வெளிச்சத்துக்கு நேரே உட்கார வைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, தலையைச் சீவிவிட்டு, பிறகு தலை கொஞ்சம் கலைந்திருந்தால்தான் பாவமாக இருக்கும் என்று கலைத்தும் விட்டார்கள். தம்ளரைக் கையில் கொடுத்தார்கள். அவர் முகம் அப்படி மலர்ந்தது. மோவாயைத் தாழ்த்தி ஒரு வாய் இழுத்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்றது. பச்சைத்தண்ணீர் இல்லை என்று நாக்கு சொல்லிவிட்டது.

"இது... இது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"பாருங்க, சந்தோஷத்துல பேச்சே வரல அவருக்கு" என்றார் சேர்மன். கை தட்டினார்கள்.

பேச்சுக்கென்றே இருக்கிற துறை. நாற்பது பேர் நின்றார்கள். ஒருவருக்கும் அந்த மனிதர் சொல்லி முடிக்கிறவரை பொறுக்க முடியவில்லை. அவர் கண் கூட்டத்தைத் துழாவி, வாசலில் நின்ற பவுடர் அக்காவிடம் வந்து நின்றது. அவளாவது காத்திருந்தாளா? உதட்டில் விரலை வைத்து, சும்மா இருங்க என்று சாடை காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டம்மா அழுதுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக் கேமராவும் மைக்கும். வியாழக்கிழமை வருவாள்தானே, அப்போது காதோடு சொல்லிவிடலாம் என்று பவுடர் அக்கா விட்டுவிட்டாள். அன்று வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பம்பு ரிப்பேர் செய்கிறவர் அவர், அதிகம் பேசமாட்டார். "அந்தம்மாட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். "சொல்லுவேன், சொல்லுவேன்" என்றாள்.

அந்த வியாழக்கிழமை அவர்கள் வரவில்லை. வெள்ளிக்கிழமை அச்சகத்திலிருந்து செய்தி மடல் வந்தது, முந்நூறு பிரதி. எல்லா நோயாளிகளின் வீட்டுக்கும் கொடுக்கும் வேலையை அவள் தலையிலேயே கட்டினார்கள். விழா முடிந்த அன்றே டிரைவருக்கு ஒரு படத்தைச் சட்டம் போட்டு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். அந்த நாலு வரியைப் படித்தபோதுதான் அவளுக்குச் சுரீர் என்றது. வீட்டம்மாவுக்கு என்ன தெரியும்? கண்ணால் பார்த்தாள், படத்திலும் போட்டுவிட்டார்கள்.

"டிரைவர் வீட்டுக்கு ஃபோன் பண்ணுங்க மேடம்" என்றாள் சின்ன மேடத்திடம்.

"மேடத்தக் கேட்டுட்டுப் பண்றேன் அக்கா. மீட்டிங்ல இருக்காங்க."

பவுடர் அக்கா அதற்குமேல் நிற்கவில்லை. ஃபைலில் இருந்த விலாசத்தைக் கையில் எழுதிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கக் கதவைத் தட்டினாள்.

"வாங்க அக்கா, வாங்க. உங்களத்தான் நினைச்சிட்டிருந்தேன்" என்று வீட்டம்மா கையைப் பிடித்து இழுத்துப் போனாள். சுவரில் அந்தப் படம். சன்னலோரம் டிரைவர், பக்கத்தில் ஸ்டூலில் ஒரு கண்ணாடி ஜாடி, கையில் பாதித் தம்ளர் தண்ணீர். தளதளவென்று ஆடுகிற தண்ணீர்.

"ஆறு நாளா பச்சத்தண்ணிதான் அக்கா. ஒரு தடவகூட இருமல. மனுஷன் முகமே மாறிப்போச்சு. நேத்துலேருந்துதான் கொஞ்சம் அசதியா இருக்காரு, அதான் கூட்டிட்டு வரல."

பவுடர் அக்கா அவர் நெற்றியில் கையை வைத்தாள். கொதித்தது. மூச்சில் கரகரவென்று ஒரு சத்தம். தம்ளரை வாங்கப் போனாள், அவர் விடவில்லை. பலமில்லாத அந்தக் கையில் எங்கிருந்து அவ்வளவு பிடி வந்ததோ.

"கொடுங்க" என்றாள்.

"மாட்டேன்" என்றார். உடையாமல், ஒரே மூச்சில் வந்த சொல். அவருக்குத் தெரியும். அன்று குடித்தது என்ன, இங்கே குடிப்பது என்ன என்று முதல் வாயிலிருந்தே தெரியும். சொன்னால் பிடுங்கிவிடுவார்கள் என்று சொல்லவில்லை.

அவள் விரல் விரலாகப் பிரித்துத் தம்ளரைப் பிடுங்கினாள். பிறகு வீட்டம்மாவிடம் சொன்னாள். அன்று தம்ளரில் பவுடர் இருந்தது, நான்தான் கலந்தேன், பார்த்தால் தெரியாத பவுடர்.

வீட்டம்மா சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அவங்க பொய் சொன்னாங்க, சரி. நீங்க ஏன் அக்கா அதுக்கு ஜோடிச்சுக் கொடுத்தீங்க?" என்றாள். "நான் உங்களப் பாத்துத்தான நம்புனேன்."

அவர்கள் முகத்தைக் காப்பாற்ற அல்ல, உன் புருஷனைக் காப்பாற்றத்தான் கலந்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்தல்லவா காப்பாற்றித் தொலைத்திருக்கிறாள். சீ என்று ஆகிவிட்டது. ஆட்டோ பிடித்து, ஆளுக்கொரு பக்கம் தாங்கி, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிமோனியா என்றார்கள்.

மறுநாள் அவள் முந்நூறு பிரதியையும் மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் படத்துக்கு மேலும் பேனாவால் எழுதினாள். 'இது கெட்டித் தண்ணீர். பச்சைத்தண்ணீர் கொடுக்காதீர்கள். இவர் இப்போது நிமோனியாவில் படுத்திருக்கிறார்.' மத்தியானத்துக்குள் கை வீங்கிவிட்டது. துறைத் தலைவி வந்து ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தார்.

"முந்நூறையும் நாசம் பண்ணிட்டீங்க. கெட்டித் தண்ணிதான் கொடுக்கணும்னு ஒவ்வொருத்தர் மருந்துச் சீட்டுலயும் எழுதிக் கொடுத்திருக்கோமே."

"சீட்டப் படிப்பாங்களா மேடம், படத்தப் பாப்பாங்களா?"

அவர் பிரதியை மேசையில் போட்டார். பவுடர் அக்கா எழுந்து ஒரு தம்ளர் கலந்தாள், முள்கரண்டியில் நிறுத்திக் காட்டினாள், அவர் முன்னால் வைத்தாள். "அன்னிக்கு அவர் குடிச்சது இதான். குடிச்சுப் பாருங்க."

பதினெட்டு வருடம் விழுங்கப் பாடம் நடத்தியவர். ஒரு வாய் வைத்ததும் முகம் கோணி, ஓடிப்போய்க் குழாயடியில் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து நூலக வேலைக்குப் போய்விடுங்கள் என்றார். ஆனால் அந்த முந்நூறையும் திரும்பக் கேட்கவில்லை. பவுடர் அக்கா அன்றே வார்டு வார்டாக, கை கையாகக் கொடுத்துத் தீர்த்தாள்.

டிரைவர் இருபத்திரண்டு நாள் படுத்து எழுந்தார். வியாழக்கிழமைகளில் வருகிறார்கள். நூலக வாசலைத் தாண்டித்தான் துறைக்குப் போக வேண்டும். முதல் வாரம் வீட்டம்மா திரும்பியே பார்க்கவில்லை. அடுத்த வாரம் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். கையில் அந்த மடல், பேனா எழுத்தோடு.

"இத அன்னிக்கே எங்காதுல சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள் பவுடர் அக்கா.

வீட்டம்மா பையிலிருந்து ஒரு மூடிபோட்ட தம்ளரையும் முள்கரண்டியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். "அங்க புதுசா ஒரு பொண்ணு கலக்குது. எனக்கு யாரையும் நம்ப முடியல, உங்களையும் சேத்துத்தான். இப்ப நானே கலக்குறேன். நிக்குதான்னு மட்டும் பாருங்க."

பவுடர் அக்கா அள்ளித் தூக்கிப் பார்த்தாள். பல்லிடுக்கில் ஒழுகியது.

"ஒழுகுது" என்றாள். "இன்னும் அரைக் கரண்டி போடுங்க."