சுடப்படாத குண்டுக்குக் காவலிருந்தவர்

மேடவாக்கம் சிக்னலில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நின்றுகொண்டிருந்தபோது வசந்தா அக்காவின் போன் வந்தது. எப்போதும் "சாப்டியாடா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்று, "மாமா எழுந்திருக்க மாட்டேங்கறாருடா" என்றாள். நான் மாடம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். முன்னறை நாற்காலியில் முதுகைச் சுவரோடு ஒட்டி, வாசலைப் பார்த்தபடியே மாமா உட்கார்ந்திருந்தார். கண்களை மட்டும் யாரோ மூடிவிட்டிருந்தார்கள்.

என் அக்காவின் கணவர் கருணாகரன், சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரைத் தெரியாதவர்களும் 'துப்பாக்கி வீடு' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். நான் பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு எடுபிடி.

அல்பேனியா எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய கப்பல் பழுதாகி அந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வெகுநாள் நின்றபோதுதான் முதல் துப்பாக்கியைப் பார்த்திருக்கிறார். சிக்கிமுக்கிக்கல் உரசி வெடிமருந்து பற்றும் பழைய காலத்துத் துப்பாக்கி அது. மரமே தெரியாதபடி பித்தளையும் வெள்ளியும் போர்த்தி, அடிக்கட்டை மீன்வால் மாதிரி விரிந்திருக்கும். உடம்பெல்லாம் கொடியும் பூவும் செதுக்கியிருக்கும். "கொல்றதுக்குச் செஞ்ச சாமானுக்கு இவ்ளோ நகை எதுக்கு மச்சான்?" என்று கேட்பார். எனக்கென்ன தெரியும்? அதைக் கேட்டுக்கொண்டேதான் வாழ்நாள் முழுவதும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் அலுவலகமாக நடந்து, 'சுடத் தகுதியற்ற பழம்பொருள்' என்று எழுதி வாங்கியும் வைத்திருந்தார்.

பழுது பார்ப்பதில் அவர் ஒரு பிடிவாதக்காரர். புதிதாக எதையும் சேர்க்க மாட்டார், பழையதில் எதையும் கழிக்க மாட்டார். ஒரு துப்பாக்கியின் வெள்ளித் தகட்டில் எவனோ கோணலாக ஆணி அடித்து வைத்திருந்தான். அதைப் பிடுங்கி, அடியில் இருந்த அழுக்கைச் சுத்தம் செய்து, அதே ஆணியை அதே கோணலோடு திருப்பி அடித்தார். "அப்டின்னா அந்த அழுக்கையும் ஒட்டிடுங்க மாமா" என்று கிண்டல் செய்தேன். அன்று பூராவும் என்னை ஒரு துப்பாக்கியையும் தொடவிடவில்லை. அப்படி ஒரு மனிதர்.

உதகைப் பக்கம் பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது ஏலத்தில் வந்தது, அதே அல்பேனிய வகையில் அவர் வாங்கிய கடைசித் துப்பாக்கி. வீட்டுக்கு எது வந்தாலும் முதலில் குழாய்க்குள் ஒரு நீளக் கம்பியை விட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். கம்பி அடிவரை போனால் காலி. அன்று கம்பி நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. மறுபடி விட்டார். மறுபடியும் நின்றது. அவர் முகம் வெளுத்தது. உள்ளே மருந்தும் குண்டும் திணித்தது திணித்தபடி இருந்தது. தகுதியற்றது என்று கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் கம்பியை விட்டுப் பார்க்கவில்லை.

எண்ணெய் ஊற்றி மருந்தை ஊறவைத்து, திருகுமுனைக் கம்பியால் குண்டை இழுத்துவிடலாம். எனக்கே தெரிந்த வேலை. ஆனால் மாமா கம்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"திணிச்சவன் சுடணும்னுதான் திணிச்சிருக்கான். ஆனா சுடல. ஏன் சுடலன்னு தெரியாம நான் எப்டி மச்சான் இதை எடுக்கறது?"

அன்றோடு அவர் மாறிப்போனார். அல்பேனியாவில் பழிக்குப் பழி கொலைக்கு அஞ்சிய ஆண்கள் வருடக்கணக்கில் வாசல் தாண்டாமல், சின்னச் சின்ன ஜன்னல் வைத்த வீட்டுக்குள்ளேயே கிடப்பார்களாம். துறைமுகத்தில் ஒரு மெக்கானிக் சொன்னதாகச் சொல்வார். சாப்பிடும்போது திடீரென்று, கோபத்தில் திணித்திருப்பானா பயத்தில் திணித்திருப்பானா என்று கேட்பார். இந்தக் குண்டைக் கேட்டு ஒருநாள் யாராவது வருவார்கள் என்று சிவன் கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்தினார். கேட்டில் சத்தம் கேட்டால், வந்தது பால்காரர்தான் என்று தெரிந்த பிறகும் வாசலைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அந்த அறையில் உட்கார்ந்தால் எனக்கும் யாரோ வரப்போகிற மாதிரியே இருக்கும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இன்றைக்கும் இருக்கிறது.

அக்கா கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். "எடுத்துடறேன்" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. எவனோ எவனுக்கோ வைத்த குண்டுக்கு இவர் பயந்துகொண்டு கிடக்கிறாரே என்று என்னிடம் அழுதாள். அப்புறம் முன்னறைக்குள் வருவதையே விட்டுவிட்டாள். காபியைக்கூட நிலைப்படியில் நின்றுதான் நீட்டுவாள்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "இத்தினி வருஷம் என்னைக் குண்டோட குடி வெச்சாரு. முகம் தெரியாத எவனோ பெருசாப் போயிட்டான், நான் பெருசா இல்ல. அது உள்ள இருக்கிற வரைக்கும் நான் அவரு படத்துக்கு வெளக்கு ஏத்த மாட்டேன். எடுத்துப் போடு."

பயந்துகொண்டேதான் செய்தேன். குழாய்க்குள் எண்ணெய் ஊற்றி, நன்றாக ஊறவிட்டு, திருகுமுனையைச் செலுத்தினேன். முதலில் ஈயக்குண்டு உருண்டு வந்தது, இலந்தைப் பழம் அளவு. அடுத்து, குண்டு அசையாமலிருக்க அடியில் வைக்கும் துணி வந்தது. அதற்கடியில் மருந்து இல்லை. ஒரு துளிகூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயின் அடி, தேய்த்த பாத்திரமாகப் பளபளத்தது.

மாமா எப்போதோ எடுத்திருக்கிறார். மருந்தைக் களைந்து, துருவைச் சுரண்டி, அதன் குண்டை அதற்கே திருப்பி வைத்திருக்கிறார். மக்கிப்போன பழைய துணிக்குப் பதிலாகத் தன் வாழ்க்கையிலேயே முதன்முறையாகப் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்.

நிலைப்படியில் நின்றிருந்த அக்கா உள்ளே வந்தாள். எண்ணெய் சொட்டும் துணியை என் கையிலிருந்து வாங்கிப் பிரித்தாள். அரக்கு நிறம், ஓரத்தில் மஞ்சள் கோடு.

"இது என் புடவைடா. கல்யாணம் ஆன புதுசுல கப்பல்லேருந்து வந்தப்ப வாங்கிக் குடுத்தாரு. கிழிஞ்சதும் பாத்திரக்காரனுக்குப் போட்டுட்டேன்னுல்ல நெனச்சிருந்தேன்."

அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அவரை நம்பாமல் போனதற்கு அழுதாளா, அவர் சொல்லாமல் போனதற்கு அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. அவளை வாய்விட்டு அழவிட்டேன். பிறகு துணியை மடித்து நீட்டினாள்.

"திருப்பி வெச்சிடு."

"புடவையோடயா?"

"புடவையோடதான்."

வைத்தேன். கம்பியால் இறுக்கினேன். அக்கா எழுந்துபோய் விளக்கேற்றினாள்.

மாமா, குண்டு அதன் இடத்திலேயே இருக்கிறது. அதைக் கேட்டு யாராவது வந்தால் அக்கா கதவைத் திறந்து, உட்காரவைத்து, காபி கொடுப்பாள். இனி நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.