பெகுச் சந்தையில் ஏற்ற வேண்டுதல்

ரங்கூனில் எங்கள் கோயில் ஆத்தாளுக்குத் திருவிழா வந்தால், தீர்த்தக்குடம் எடுக்கிறவர்கள் ரயிலேறிச் சித்தாங் ஆற்றுக்குப் போவார்கள். அங்கே குளித்து, காப்புக் கட்டி, குடத்தில் நீர் மொண்டுகொண்டு ரங்கூன் வரைக்கும் நடந்தே திரும்புவார்கள். அப்பா துறைமுகத்தில் மேஸ்திரி, அவருக்கு லீவு கிடைக்காது. அதனால் அம்மாவும் அத்தையும் போனார்கள். எனக்கு ஏழோ எட்டோ வயது. வீட்டில் விட்டுப்போக ஆளில்லாமல் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அத்தை அப்பாவுடைய தங்கை. நான் தொட்டிலில் கிடந்தபோதே அவள் புருஷன், எங்கள் மாமா, வெளியூருக்கு வேலை தேடிப் போனவராம், திரும்பவில்லை. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அத்தையின் வேண்டுதல் எனக்கு மனப்பாடம். மாமா வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். தினமும் விளக்கு வைக்கும்போது அவள் வாய்விட்டுச் சொல்லுவாள்.

வழியில் பெகுவில் ஒரு நாள் தங்கல். பழைய ராஜாக்கள் ஆண்ட ஊர், பெரிய சந்தை. குடங்களைச் சாவடியில் இறக்கி வேப்பிலை சாத்திவிட்டு, எல்லாரும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை மட்டும் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

“காலெல்லாம் கொப்புளம். இதிலே மகாராணிக்கு ஊர்கோலம் வேறயாக்கும்!” என்றாள் அம்மா.

“பாப்பா படுத்திருக்கிற புத்தரைப் பாக்கணும்னு அழுவுறா அண்ணி.”

நான் அழவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஆனாலும் ஊர் பார்க்கக் கசக்குமா? வேகமாகத் தலையாட்டினேன்.

பார்த்தோம். அம்மாடி, அந்தச் சாமியின் பாதமே எங்கள் வீட்டைவிட உயரம்! “இவரும் நடந்து வந்து கால் வலிச்சுத்தான் படுத்துட்டாரா அத்தை?” என்று கேட்டேன். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்குக் கும்பிட்டுவிட்டு, “சந்தைக்குப் போவலாம் வா” என்றாள். புல் முளைத்துக் கிடந்த கோட்டை மதிலைக்கூட நின்று பார்க்க விடவில்லை. மாமாவைப் பெகுச் சந்தையில் பார்த்ததாக ரயில்வேக்காரர் ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தார் என்பது, நான் பெரியவளாகி அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

சந்தையில் அத்தை கடை கடையாக முகம் பார்த்துக்கொண்டே போனாள். மண்பானைக் கடை ஒன்றின் முன்னால் சட்டென்று நின்றாள். உள்ளே ஒரு தமிழ் ஆள் பானைகளுக்கு நடுவே வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தார். அத்தையைப் பார்த்தார். பார்த்ததும் வைக்கோல் கட்டைத் தூக்கித் தோளில் முகம் மறைய வைத்துக்கொண்டு, பின்பக்கமாகப் போய்விட்டார். அவர்தான் மாமா. அது அத்தைக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பர்மியப் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு அந்தக் கடைக்குள்ளிருந்து ஓடிவந்தாள். மஞ்சள் சேலையையும் காப்பையும் பார்த்துவிட்டாள்.

“நில்லு ஆத்தா, நில்லு! காலுக்குத் தண்ணி ஊத்துறேன்.”

“உனக்கு யாரும்மா இதெல்லாம் சொன்னது?” என்றாள் அத்தை.

“எங்க வூட்டுக்காரர்தான். காப்புக் கட்டின காலு அம்மன் காலுன்னு சொல்வாரு.”

புதுப்பானையில் மஞ்சள் கரைத்து, அத்தையின் கொப்புளக் காலில் மெதுவாக ஊற்றினாள். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்குறாரு ஆத்தா. ரங்கூன், ரங்கூன்னு பொலம்புறாரு. என்னையும் புள்ளையையும் விட்டுப் போயிரக்கூடாது. உங்க அம்மன்கிட்டச் சொல்லு.”

எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டியவர் காலுக்கு யார் தண்ணீர் ஊற்றி என்ன கேட்டாலும் மறுக்கக் கூடாது. தன் வேண்டுதலுக்கு முன்னால் அதைத்தான் சன்னதியில் சொல்ல வேண்டும்.

அத்தை மடியிலிருந்து திருநீற்றை எடுத்தாள். அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் பூசினாள். குழந்தையின் தலையில் வைத்த கையை எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

“சொல்றேம்மா.”

சாவடிக்குத் திரும்பியதும் அம்மா, “என்ன, ஊர் பாத்தாச்சா?” என்றாள்.

“பாத்தாச்சு அண்ணி. பெரிய ஊரு.”

எனக்கோ ஒரே பெருமை. யாரோ ஊர் பேர் தெரியாதவள் எங்கள் அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டாளே! ரங்கூன் போய்ச் சேரும்வரை அதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நடந்தேன். அத்தை கேட்டுக்கொண்டே கூட நடந்தாள். அவள் காலமாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆத்தா அவளுக்குத் தன் காலடியில் இடம் கொடுத்திருப்பாள். ஆனாலும் அந்த வழிநெடுக என் வாய் ஓயாமல் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ரங்கூன் நடுவே இருக்கிற சூலே பகோடாவைத் தாண்டி, மேளதாளத்தோடு கோயிலுக்கு வந்தோம். குடம் இறக்கி அபிஷேகம் ஆயிற்று. அத்தை கண்ணை மூடி நின்றாள். உதடு கொஞ்ச நேரம் அசைந்தது, பிறகு நின்றுவிட்டது.

“பானைக்காரம்மா கேட்டதைச் சொல்லிட்டியா அத்தை?”

“சொல்லிட்டேன்.”

“நம்மளது?”

அத்தை கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். களைப்பில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. இவ்வளவு தூரம் நடந்து வந்தது வீணாகலாமா? முன்னால் ஓடி நின்று, கை கூப்பி, உரக்கச் சொன்னேன்: “ஆத்தா, எங்க மாமாவைச் சீக்கிரமா...”

அத்தையின் கை பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தியது. சன்னதியில் சத்தம் போடக் கூடாது என்பதற்காக என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கைக்குள்ளேயே முணுமுணுத்து வேண்டுதலை முழுசாகச் சொல்லி முடித்தேன்.