ரமீசா கீழே வைத்த அப்பம்

போன ஞாயிறு மகள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிவந்தாள். "அம்மா, இதப் பாருங்க. கொம்புச்சா ஊத்திப் பான்கேக் சுடுறாங்க! புது ரெசிப்பியாம்."

புதுசா? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யுத்த காலத்திலேயே எங்கள் ஊர் ஆரையம்பதியில் அதை ஊற்றி அப்பம் சுட்டவள் நான்!

அப்போது அதற்கு இந்த ஸ்டைலான பெயரெல்லாம் கிடையாது. தேயிலைக் காளான் என்போம். சீனி போட்ட தேத்தண்ணீரில் கொழகொழவென்று தட்டுப்போல ஒன்று மிதக்கும். கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்து, வீட்டுக்கு வீடு பரவிய சரக்கு. உடம்புக்கு நல்லதென்று அந்தப் புளித்த தண்ணீரை என் கணவர் தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். நான்? அந்தப் போத்தல் இருக்கும் பக்கம்கூடத் திரும்ப மாட்டேன்.

அந்த நேரத்தில்தான் ரமீசா வருவதாகச் சொல்லியனுப்பினாள். பக்கத்துக் காத்தான்குடிக்காரி. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். எங்கள் தமிழ் ஊருக்கும் அவர்கள் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் பிரச்சினை வந்ததும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நடந்தே போகக்கூடிய தூரம்... ஆனால் பயத்தில் மாதக்கணக்காக நாங்கள் முகம் பார்க்கவில்லை. கொஞ்சம் அமைதியானதும் முதல் ஆளாக வருகிறாள். அவளுக்குப் பிடித்த பால் அப்பம் சுடாமல் விடலாமா?

சிக்கல் என்னவென்றால் — எங்கள் வீட்டில் அப்பமாவு புளிக்கக் கள்ளுத்தான் ஊற்றுவோம். அது அவளுக்கு ஹராம். ஈஸ்ட் வாங்கலாம் என்றால், பாதை மூடியதிலிருந்து கடைக்குச் சாமானே வரவில்லை. அப்போதுதான் கணவரின் போத்தல் கண்ணில் பட்டது. அட, இதுவும் புளித்துக் குமிழி விடுகிறதே! எடுத்து மாவில் ஊற்றிவிட்டு, காளானைப் புதுத் தேத்தண்ணீரில் போட்டுவைத்தேன். குடிக்க இல்லாமல் அவர் முழித்ததை நான் கண்டுகொள்ளவில்லை.

விடிந்து பார்த்தால் மாவு சட்டியை விட்டு வழிகிறது. அப்பமோ — ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு!

ரமீசா ஒரு வாய் வைத்தாள். மென்றாள். மீதியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"புள்ள, கோவிக்காத... இவ்வளவு மெத்தெண்டு வந்திருக்கு. கள்ளு ஊத்தினியா?"

எனக்குத் திக்கென்றது. நன்றாக வந்ததே குற்றமாகிவிட்டதா?

"என்னகா ரமீசா, உனக்கு நான் கள்ளு ஊத்தித் தருவனா? தேயிலைக் காளான் தண்ணிதான் ஊத்தினன்."

நம்பத்தான் பார்க்கிறாள், முடியவில்லை. முகத்திலேயே தெரிந்தது. இத்தனை மாதமாக இந்த ஊர் அந்த ஊரைப் பற்றியும், அந்த ஊர் இந்த ஊரைப் பற்றியும் என்னென்னவோ பேசியிருந்ததே! இவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்துபோனேன். ஓடிப்போய்ப் போத்தலைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தேன்.

குனிந்து பார்த்தாள். உள்ளே காளான் மெல்ல ஆடியது.

"யா அல்லாஹ்! இது உசிரோடயா இருக்கு?"

"ஓம். குட்டியும் போடும்."

அவ்வளவுதான், விழுந்து விழுந்து சிரித்தாள். "இப்பிடியொரு அசிங்கத்த ஆரும் பொய்க்குச் சொல்ல மாட்டாங்க புள்ள!" என்று அப்பத்தை மறுபடி கையில் எடுத்தாள். "மறுகா என்ன, இன்னும் சுடு!"

பார்த்தீர்களா? அழகாகச் சத்தியம் செய்திருந்தால் சந்தேகம் கூடியிருக்கும். அவலட்சணமான உண்மையைத்தான் ஆட்கள் சட்டென்று நம்புகிறார்கள்.

போகும்போது ஒரு குட்டியை ஜாம் போத்தலில் வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் மறுபடியும் பிரச்சினை, மறுபடியும் பயம். அது ஓய்ந்தும் நான் வீட்டை விட்டு அசையவில்லை. தெரிந்த ஒருவரிடம் ரமீசா சொல்லியனுப்பினாள்: "உன்ட குட்டி இஞ்ச வந்து குட்டியும் போட்டுட்டு. அதுக்கில்லாத பயம் உனக்கென்ன?"

அடுத்த நாளே போனேன். தட்டு நிறைய அப்பம் வைத்தாள். என்ன ஊற்றிச் சுட்டாய் என்று கேட்க... எனக்குத் தின்கிற வாய் ஒழிந்தால்தானே!