பிஸ்கட் பெட்டியில் வந்த பேன்டம் குஞ்சுகள்

மடியில் இருந்த பிஸ்கட் பெட்டி இளஞ்சூடாக இருந்தது. உள்ளேயிருந்து தவிட்டு வாசம்... ஓயாத கீச் கீச். கொடகவெலயில் பஸ் ஏறியதிலிருந்து தோட்டத்துச் சந்தி வரைக்கும் எல்லார் கண்ணும் என் மடி மேல்தான்.

"அக்கே, பெட்டியே மொனவத?" என்றார் கண்டக்டர். பெட்டியில் என்னவென்று கேட்கிறாராம். இவ்வளவு கீச்சிடுகிறதே, யானையாகவா இருக்கும்!

மூன்று பேன்டம் குஞ்சுகள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர் வீட்டில் மட்டும் செல்போன் இருந்த காலம் அது. பேன்டம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் கோழி, காலில்கூட இறகு முளைத்த கோழி... பெல்மதுளையில் ஒரு வீட்டு முற்றத்தில் பார்த்த நாளிலிருந்து எனக்கு அதே கிறுக்கு. குருவிட்டயில் ஒருவன் பேன்டம் என்று சொல்லி சாதாரண நாட்டுக்கோழிக் குஞ்சைத் தலையில் கட்டிவிட்டான். அந்தப் பேடு வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே போனது.

"ஒன் பேன்டத்துக்கு ஏணி வச்சுத்தான் தீனி போடணும் போல," என்றார் என் வீட்டுக்காரர். லயத்தில் இருந்த அத்தனை வீடும் சிரித்தது.

கடைசியில் கொடகவெலயில் சாமான் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, கடைக்குப் பின்னால் பேன்டம் வளர்க்கிறார் என்று தெரிந்தது. மனுசன் லேசில் தரவில்லை. ராத்திரி எங்கே அடைப்பாய், கீரி வருமா, கூரை ஒழுகுமா... பெண் கொடுக்கிறவர் மாதிரி விசாரித்தார்.

"மகள், இது கறிக்கு வளக்கிற கோழி இல்ல. கறிக்கென்டா வேற கோழி ஈக்கி. அறுக்க மாட்டேன்டு சொன்னாத்தான் தருவன்."

"சத்தியமா அறுக்க மாட்டோம் நானா."

"சரி. மூணும் பொட்டக் குஞ்சு. நம்பிக் கொண்டு போங்க."

அங்கேதான் நானா சறுக்கினார். சில மாதங்களில் ஒன்றுக்கு மட்டும் கொண்டை பெரிதாகிச் சிவந்தது. ஒரு விடியற்காலை வாசலில் நின்று, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத குரலில் கூவியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. குடித்துக்கொண்டிருந்த பிளேன்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாம் பொட்டன்னுதானே சொன்ன?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடிகளைக் கத்தியால் கிளை கழிக்கிற வேலை. முந்தின கவ்வாத்தில் கத்தி தவறிக் கையில் பாய்ந்து, விரல்கள் மடங்காமல் கிடந்தார். அந்த வலியில், கவ்வாத்து தொடங்கும் நாளில் சேவல் பலி வாங்குகிற கவ்வாத்து சாமியிடம் வேண்டிக்கொண்டாராம். கை சரியானால், எங்கள் வீட்டில் முதலில் கூவுகிற சேவல் சாமிக்கு என்று. அன்றைக்கு எங்கள் வீட்டில் சேவலே கிடையாது! கை சரியாகிவிட்டது. இதோ, சேவலும் கூவிவிட்டது.

வெட்கத்தை விட்டு அழுதேன். "வேற சேவல் வாங்கிக் குடுங்களேன்..."

"சாமிகிட்ட சொன்ன வார்த்தைய மாத்துனா அடுத்த வெட்டு எங்க விழும்னு யாருக்குத் தெரியும் புள்ள?"

"நான் நானாகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேனே!"



மறுநாளிலிருந்து ஒரு புது வேலை. வேலை விட்டு வந்ததும் அவர் சேவலைப் பிடித்து, அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். ஏன் என்று கேட்டால், "அம்மை வந்துரும், அதான்." சேவலுக்கு அம்மையும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை. அறுக்கிறதுக்கு முன்னாலேயே சடங்கு பண்ணிப் பார்க்கிறாரே பாவி மனுசன் என்று நான் பேச்சையே நிறுத்திவிட்டேன். சேவல் முதலில் தலையை உதறும். போகப் போக, துரை முடி வெட்டிக்கொள்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

கவ்வாத்து தொடங்கும் நாள் வந்தது. எனக்குப் பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கிற வேலை. மனசு கேட்கவில்லை, பறித்துக்கொண்டிருந்த நிரையை விட்டுவிட்டு மேல் ரோட்டில் போய் நின்றேன். கீழே மஞ்சள் பூசிய சாமிக் கல். அதன் முன்னால் அவர், கையில் என் சேவல். பூசை வைக்கிற கங்காணி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்தார்.

மஞ்சள் தண்ணீர் பட்டதும் சேவல் தலையைச் சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம். சிலுப்பாவிட்டால் கத்தி வைக்கக்கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது.

தெளித்தார். சேவல் அசையவில்லை. மறுபடியும் தெளித்தார்... ம்ஹும். செம்பையே கவிழ்த்தார். கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது என் ராசா!

"சாமிக்கு இது வேணாமாம்ப்பா," என்றார் கங்காணி. "நல்லதாப் போச்சு. இந்தச் சிட்டுக்குருவிய வச்சு இத்தன பேருக்கு என்னாத்த பங்கு போடுறது?"

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தேயிலைச் செடிக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தார். உள்ளே பெரிய நாட்டுச் சேவல். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் முதல் நாளே வாங்கி வைத்திருக்கிறார். அது மஞ்சள் தண்ணீர் பட்டதும் பட்டென்று தலையைச் சிலுப்பியது.

அன்றைக்குச் சாயங்காலம் பேன்டத்தைக் கொண்டுவந்து என் மடியில் விட்டார்.

"என்னங்க பண்ணீங்க?"

"நான் என்னத்தப் பண்ணேன்? சாமி வேணாம்னுருச்சு."

எவ்வளவு கிண்டியும் அதையேதான் சொன்னார். சொல்வதற்கென்ன, கல்யாணத்தன்றுகூட அவர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

இப்போது நாங்கள் இரத்தினபுரி டவுனில், மகள் வீட்டில். பேன்டம் வேண்டுமென்றால் போனில் படம் பார்த்து ஒரு விரல் தட்டினால் போதும், வாசலில் வந்து இறங்குகிறது. சுகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கீரி வருமா, அறுப்பாயா என்று யாரும் கேட்பதில்லை. மகளும் அப்படித்தான் ஒரு ஜோடி வாங்கினாள்.

நேற்றுக் காலை அதில் ஒன்று முதல் தடவையாகக் கூவியது. அவர் மெல்ல எழுந்து குசினிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் மஞ்சள் தண்ணீர்.

"எதுக்குங்க இது? இங்க எந்த மலையில கவ்வாத்து?"

காதில் வாங்காத மாதிரி சேவல் தலையில் தெளித்தார். அது படபடவென்று சிலுப்பி, அவர் சட்டையெல்லாம் மஞ்சளாக்கியது.

"தெனமும் தெளிக்கணும் புள்ள," என்றார். "அப்பத்தான் பழகும்."