பனிக்குடத்துக்குள் கிடந்த கன்று

எங்கள் மாட்டின் முதல் கன்று செத்தே பிறந்தது என்றுதான் எல்லோரும் நம்பினோம். என் மாமியார் அதற்குக் காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்: பக்கத்து வீட்டு அக்காவின் கண்ணேறு. எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போன அக்கா வழியில் நின்று, "மடி நல்லா எறங்கிருச்சுங்கம்மா, இன்னைக்கே போட்டுருமுங்க" என்று சொன்னாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். அன்று சாயங்காலம் கன்று போனது. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு போனது. அக்கா எங்கள் வாசலை விட்டுவிட்டு மேட்டுவழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தாள். இந்த மலைக்கு வாழ வந்த எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள். கோபத்தில் எத்தனை பாத்திரங்களை ஓங்கி வைத்தேன் தெரியுமா? மாமியாருக்குக் காது கேட்காத மாதிரி இருக்கத் தெரியும்.

மாடு மறுபடி சினையானது. இந்த முறை மாமியார் கொட்டகையைச் சுற்றிக் காப்பிச் சாக்குகளைத் தொங்கவிட்டார். கன்று எழுந்து நிற்கும்வரை வீட்டு ஆள்கூட உள்ளே பார்க்கக் கூடாது என்று சட்டம்.

பனிமூட்டம் விலகாத ஒரு காலையில் மாடு கத்தத் தொடங்கியது. நாங்கள் இருவரும் கொட்டகைக்கு முதுகைக் காட்டி நின்றோம். பொத்தென்று விழும் சத்தம் கேட்டது. பிறகு மாடு நக்கும் சத்தம் மட்டும்.

"அத்த, நான் போய்ப் பாக்கறனுங்க."

"வேண்டாஞ் சாமி. போன தடவ பட்டது போதாதா?"

பொறுமை எனக்கு எப்போதுமே கம்மி. சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கன்று பனிக்குடத்துக்குள்ளேயே கிடந்தது. குடம் உடையாமல், பாலிதீன் பை மாதிரி அதன் முகத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே மூக்கு மூச்சுக்குத் தவித்தது. மாடோ வால் பக்கத்தை நக்கிக்கொண்டிருந்தது. அத்தனை மாதமும் கன்றை நீரில் மிதக்கவிட்டு, அடிபடாமல் காத்த ஜவ்வுதான் அது. இன்னும் கொஞ்சம் விட்டால் அதுவே கொன்றுவிடும். நகத்தால் கிழித்தேன், வழுக்கியது. மறுபடி கிழித்தேன். வெதுவெதுப்பான நீர் என் மடியெல்லாம் கொட்டியது. மூக்கிலிருந்த கோழையை வழித்துவிட்டு, வைக்கோலால் விலாவைத் தேய்த்தேன். அசைவில்லை. "மூச்சு உடு கழுதை" என்று திட்டிக்கொண்டே தேய்த்தேன். கன்று தும்மியது. என் முகமெல்லாம் தெறித்தது. அழுதுவிட்டேன்.

திரும்பினால் மாமியார் பின்னால் நின்றிருந்தார். கிழிந்த ஜவ்வையே பார்த்தார்.

"மொதக் கன்னுக்கும் மூஞ்சில இப்பிடித்தான் ஒட்டிக் கெடந்துச்சு. அவ சொல்லிட்டுப் போனான்னு, அன்னைக்கும் நாந்தான் ஒருத்தரையும் உள்ள உடல" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கன்றை மாட்டின் முகத்தருகே இழுத்துவிட்டேன்.

நஞ்சுக்கொடி விழுந்ததும், பால் பெருக வேண்டுமென்று அதை வைக்கோலில் பொதிந்து பலாமரத்தில் கட்டினார். மறுநாள் வெல்லம் தட்டிப்போட்டுச் சீம்பால் காய்ச்சினேன். தூக்கில் ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்புவார் என்று நினைத்தேன். அவரே மேடேறிப் போய் அக்காவைக் கூட்டிவந்தார்.

அக்கா தரையைப் பார்த்தபடி, தள்ளியே நின்றாள். "கன்னு சொகமுங்களா?"

மாமியார் அவள் கையைப் பிடித்து, கன்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நல்லாப் பாரு சாமி. அன்னைக்கு நீ உள்ள வந்து பாத்திருந்தா அதுவும் பொழச்சிருக்கும்."

அதற்குப் பிறகுதான் அக்கா தலையை நிமிர்த்தினாள்.